ஒரு பைசாத் தமிழனும் இணையத் தமிழனும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் மைசூர் மைன்ஸ் இளைஞர் பலர் இன்று இணையத்தில் எழுதுகின்றனர். கைப்பேசி கொண்டு காணொளி இயற்றுகின்றனர். அப்பணி மேலும் சிறக்க வழி யாது என்பது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். கருவி புதிதாயினும், உழைக்கும் தமிழ் மக்கள் தம் எண்ணத்தைத் தாமே உலகிற்கு எடுத்துரைக்கும் பணி இத்தங்கவயலுக்குப் புதிதன்று.

1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயரில் தாங்கிய அவ்விதழ், வாசகர் விருப்பத்திற்கிணங்க 1908-இல் 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. அதனைத் தாங்கி நின்றோருள் தங்கவயல் தொழிலாளர் சிறப்பானவர். 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926-இல் ஜி. அப்பாதுரையார் இத்தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். தங்கவயலில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. லைன் வீடுகளில் குடியிருந்தோர் காசு கொடுத்து ஓர் இதழை வாழவைத்தனர் என்றால், அதன் காரணத்தை நாம் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது காரணம், அவ்விதழ் யாருக்காக என்பதில் ஐயமில்லை. எளிய மனிதன் வாங்கத்தக்க விலையே அதனைக் கூறிற்று. இரண்டாவது, குறித்த முறைப்படி வாரந்தோறும் வெளிவந்தது. மூன்றாவது, வாசகர் வினாக்களை அனுப்பினர், பண்டிதர் விடையிறுத்தார். நான்காவது, பிறர் நம்மைப்பற்றிக் கூறியதை அப்படியே ஏற்காமல், நம் வரலாற்றை நாமே ஆராய்ந்து கூறத் துணிந்தது. இந்நான்கும் இணையத்திற்கும் பொருந்தும்.

தோழர்களே! 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுமுதல் நம் மக்கள் பொழுது புலருமுன் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். 2018-இல் வெளிவந்த திரைப்படமொன்று 'கே.ஜி.எஃப்.' என்னும் பெயரை உலகெங்கும் பரப்பியது. ஆனால் அது கற்பனைக் கதை. அதனைக் கண்டு, வெளியூரார் இங்கு வந்து சைனைடு மேட்டின்மேல் நின்று படம்பிடித்துச் செல்கின்றனர். மேட்டைக் காட்டுகின்றனர், அம்மேட்டின் மண்ணைப் பாதாளத்திலிருந்து கொணர்ந்த மனிதனைக் காட்டுவதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் வெப்பத்தில் உழைத்த கரங்கள் யாருடையவை? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் பாட்டனாருடையவை அல்லவா? கூண்டில் இறங்கிய அனுபவமுடையோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்தம் சொல்லை இன்று பதியாவிடில், நாளை யாரிடம் சென்று கேட்போம்?

ஆதலின் சில நெறிகளைக் கூறுவோம். 'எல்லாருக்கும் எல்லாம்' என்று தொடங்காதீர். ஒரு பொருளை எடுத்து, அதில் ஆழ்க. ஒரு முதியவர், ஒரு கேள்வி, ஐந்து நிமிடம்: இஃது ஒரு காணொளிக்குப் போதும். 'வாழ்க்கை எப்படி இருந்தது?' என்று கேட்டால் பெருமூச்சே விடையாகும். 'முதன்முதல் கூண்டில் இறங்கிய நாளில் உணவுக்கு என்ன கொண்டு சென்றீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு காலமே கண்முன் எழும். படம் சற்று மங்கினாலும் மக்கள் பொறுப்பர். ஒலி தெளிவில்லையேல் பொறார். ஆகவே மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியைப் பேசுவோர்க்கு அருகில் வைத்திடுக. அவர் முகத்தில் சன்னல் வெளிச்சம் விழுமாறு அமரச் செய்க. சொல்லவந்ததை முதல் சில நொடிகளிலேயே உணர்த்துக. பார்ப்போர் எந்த இடத்தில் விலகினர் என்பதை யூடியூப் வரைபடமாகவே காட்டுகின்றது. அதனைப் பார்த்து அடுத்த முறை திருத்திக்கொள்க. தமிழிலே பேசுக, கன்னட எழுத்தும் அடியில் இடுக. நம் அண்டை வீட்டாரும் நம் கதையை அறிதல் வேண்டும்.

ஆண்டும் பெயரும் கூறுமுன் இருவரிடமேனும் கேட்டுச் சரிபார்த்திடுக. பேசுவோர் இசைவின்றி வெளியிடாதீர். நோயுற்றோர் முகத்தைக் காட்சிப் பொருளாக்காதீர். மூடிய சுரங்க வாயிலில் இறங்கி வீரங்காட்டாதீர். அக்குழிகள் உண்ட உயிர்கள் போதும். பதிவுகளை இரண்டு இடங்களிற் சேமித்திடுக.

வருவாய் பற்றியும் உண்மை கூறல் நலம். யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு பெற, 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்னும் விதி 2018-இல் வந்தது. குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்குண்டு. அந்த எல்லையைக் கடந்தாலும் அது மாதச் சம்பளமன்று. ஆதலின் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு இதனை நம்பாதீர். வேலையோடு இதனை வளர்த்திடுக. பெங்களூர் செல்லும் இரயிலில் கழியும் நேரம், கேள்விகளை எழுதவும் வசனத்தைத் திருத்தவும் உதவும்.

பார்வை எண்ணிக்கை குறைவாயின் சோர்வடையற்க. பார்த்தோர் ஒருவர் வினவினால் அவருக்கு விடையிறுங்கள். அவர் மறுநாளும் வருவார். நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: இவ்வாண்டு முதல், மாதமொரு முதியவரின் குரலைப் பதிவு செய்யும் பொறுப்பை இளைஞரிடம் ஒப்படைத்து, நல்லதோர் ஒலிவாங்கியைச் சங்கச் செலவில் வாங்கித் தருக. ஒரு பைசா கொடுத்து ஓர் இதழை வளர்த்த ஊர் இது. இப்பணிக்கும் கை கொடுக்கும் என நம்புகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!