பரிசுக் கூடையும் அதன் பெயரும்



வாணிபம் என்றதும் பெரிய ஆலைகளும் சரக்குக் கப்பல்களுமே உங்கள் நினைவுக்கு வரக்கூடும். இன்று நான் பேசப்போவது ஒரு சிறு கூடையைப் பற்றி. திருமணம், பண்டிகை, புதுமனை புகுவிழா ஆகிய நாட்களில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் பரிசுக் கூடையே அது. அதை விற்பவர் தமக்கென ஒரு தனிப் பெயரை ஈட்டுவது எங்ஙனம்?

அரிசியோ சோப்போ வாங்குகிறவர் அதைத் தாமே பயன்படுத்துகிறார். குறை கண்டால் கடையை மாற்றிக்கொள்கிறார். பரிசுக் கூடையின் நிலை வேறு. பணம் கொடுப்பவர் ஒருவர். பிரித்துப் பார்ப்பவர் மற்றொருவர். உள்ளே இருப்பது நன்றாயின் கொடுத்தவருக்குப் பெருமை. கெட்டிருந்தால் தலைகுனிவும் அவருக்கே. ஆகவே கூடை விற்பவர் பிறருடைய மதிப்புக்குப் பிணை நிற்கிறார்.

என்னிடம் முன்பு பயின்ற பெண் ஒருத்தி தூத்துக்குடியில் இத்தொழிலைத் தொடங்கினாள். பளபளக்கும் தாள், சிவப்பு நாடா, ஆப்பிள், வெளிநாட்டு மிட்டாய் ஆகியவையே அவளது கூடை. அடுத்த தெருக் கடையிலும் அதே கூடைதான். “விலையைக் குறைத்தாலன்றி விற்கவில்லை, ஐயா” என்று என்னிடம் வந்து வருந்தினாள். “நாடாவை அவிழ்த்துவிட்டால், இது உன் கூடை என்று யாரால் சொல்ல முடியும், அம்மா?” என்று கேட்டேன்.

சில வாரங்களில் அவள் புதிய கூடையொன்றைக் கொண்டுவந்தாள். பனை ஓலைப் பெட்டி. அதனுள் உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், தூத்துக்குடி மக்ரூன். மூன்றும் ஒரே மாவட்டத்தின் பண்டங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டிலும், உடன்குடிக் கருப்பட்டி 2023-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆதலின், வேறோர் ஊரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டியின் பெயரில் விற்பது சட்டத்துக்கும் மாறு, நேர்மைக்கும் மாறு. அவள் அந்தந்த ஊருக்கே சென்று சரக்கெடுத்தாள். ஈரக் காற்றில் மக்ரூன் பதம் கெட்டுவிடும் என்பதால் அதனைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாள். கூடைகள் விற்கத் தொடங்கின.

அப்போதுதான் ஒரு தவறு நேர்ந்தது. முந்திரி, சர்க்கரை ஆகியவற்றோடு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்ததே மக்ரூன். செய்தவரின் பொட்டலத்தில் அசைவ உணவுக்குரிய அடையாளம் இருந்தது. அதைப் பிரித்து அழகிய டப்பாவில் மாற்றியபோது அந்த அடையாளம் விடுபட்டுப் போயிற்று. முட்டை உண்ணாத ஒரு வீட்டுக்கு அக்கூடை சென்றது. அனுப்பியவர் சம்பந்தி வீட்டாரின் முன் நாணி நின்றார். இந்த யோசனைக்கு வித்திட்ட எனக்கும் அது முன்னரே தோன்றவில்லை.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இரு வீட்டாரிடமும் நேரில் சென்று தன் பிழையை ஒப்புக்கொண்டாள். அன்றுமுதல் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை வைத்தாள். இன்ன பண்டம், இன்ன ஊரில் செய்தது, இவை சேர்ந்தது, இந்த நாளுக்குள் உண்ணத்தக்கது என்ற விவரம் அதில் இருக்கும். மக்ரூன் டப்பாவில் உரிய அடையாளமும் ஏறியது. நாளடைவில் “அட்டை உள்ள ஓலைப்பெட்டி” என்றே மக்கள் கேட்டு வாங்கலாயினர். அவள் தேடிய தனி அடையாளம் அவ்வாறு அமைந்தது.

இனிச் சட்டம் பற்றி ஒரு சொல். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி, பெயரையும் சின்னத்தையும் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். ஆனால் “நல்ல பரிசுக் கூடை” என்பது போலப் பொருளை மட்டுமே வருணிக்கும் பெயர் எளிதில் பதிவாகாது. அச்சொல் எல்லோர்க்கும் பொது. பிறர் பெயரோடு மயங்காத பெயரையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். எனினும், பதிவுச் சான்று பிறர் உங்கள் பெயரைக் கவராமல் தடுக்குமேயன்றி, அதற்கு மதிப்பைத் தேடித் தராது.

மாணவர்களே! நாளை உங்கள் கல்லூரி விழாவில் ஒரு சிறு கடை வைக்க நேரினும், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் பொருளில் என் ஊருக்கோ என் கைக்கோ உரியது எது? உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்லியிருக்கிறேனா? தவறினால் பொறுப்பேற்க ஆயத்தமாய் இருக்கிறேனா? இவற்றுக்கு விடை கண்டபின் நாடாவின் நிறத்தைப் பற்றி யோசிக்கலாம்.