ஓக் மரம் துளிர்க்கும் வேளை



இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரை ஒட்டி இருக்கிறது வைட்டம் காடு. ஏப்ரல் கடைசியில் அங்கே பல இடங்களில் மண்ணே தெரியாது. எங்கும் நீல நிற புளூபெல் பூக்கள். தலைக்கு மேலே மரங்கள் இலைவிட்டு வெயிலை மறைப்பதற்குள் அவை பூத்துவிட வேண்டும்.

அதே அவசரம் ஒரு சிறு குருவிக்கும் உண்டு. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் வயிறு கொண்ட கிரேட் டிட். 1947இல் டேவிட் லாக் என்ற அறிஞர் இந்தக் காட்டில் கூடுகட்டப் பெட்டிகள் வைத்துக் கணக்கெடுக்கத் தொடங்கினார். அந்தக் கணக்கு இன்றும் தொடர்கிறது. எவ்வளவு பெரிய பொறுமை, பாருங்கள்!

குருவிக் குஞ்சுகளுக்கு முக்கிய உணவு, குளிர்கால அந்துப்பூச்சியின் பச்சைப் புழு. அந்தப் பூச்சியில் பெண்ணுக்குப் பறக்கும் இறகே இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் அடிமரத்தில் ஊர்ந்து ஏறி, மேலே போய் முட்டையிடும். வசந்தத்தில் ஓக் துளிர்க்கும்போது புழுக்கள் வெளிவரும். சில வாரங்களில் இலை முற்றிப்போகும். அதற்குள் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிவிடும். குஞ்சுகள் பசியோடு வாய் திறப்பது அந்தச் சில வாரங்களுக்குள் அமைய வேண்டும்.

வசந்தம் முன்கூட்டியே வெப்பமாவதால், ஓக் முந்தித் துளிர்க்கிறது, புழுவும் முந்துகிறது. குருவிகளும் 1960களைவிட இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னதாகவே முட்டையிடுகின்றன. ஒரே காட்டிலும் எல்லா ஓக் மரமும் ஒரே நாளில் துளிர்ப்பதில்லை. தன் கூட்டுக்குப் பக்கத்து மரங்களின் நலத்தைப் பொறுத்தே ஒவ்வொரு குருவியின் காலக்கணக்கும் மாறுகிறது என்று அண்மையில் கண்டறிந்திருக்கிறார்கள்.