சுவரொட்டி சொல்லும் நீதி

(ஒத்தக்கடைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



யானைமலையின் அடிவாரத்தில் குழுமியிருக்கும் உங்களில் பலர், பசைவாளியும் கையுமாக இரவெல்லாம் விழித்துச் சுவரொட்டி ஒட்டியவர்கள். ஆகவே சுவரொட்டியைப் பற்றியே பேச விரும்புகிறேன். மழை பெய்தால் கரையும் காகிதந்தானே என்பர் சிலர். காகிதந்தான், ஆனால், ஓர் அரசின் உள்ளத்தைக் காட்டும் காகிதம்!

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடின, வங்கிகள் வீழ்ந்தன. 1933-இல் உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. 1935-இல் ரூஸ்வெல்ட் அரசு பொதுப்பணித் திட்டம் வகுத்தது. சாலை போட்டவனுக்குக் கூலி தந்தது. பாலம் கட்டியவனுக்குக் கூலி தந்தது. அத்தோடு நில்லாமல், நடிகனுக்கும் கூலி தந்தது! ஹாலி பிளானகன் அம்மையார் தலைமையில் கூட்டரசு நாடகத் திட்டம் பிறந்தது.

"கஞ்சிக்கு வழியில்லாதபோது கூத்து எதற்கு?" என்று கேட்டார்கள். கூத்தாடிக்கு மட்டும் வயிறு இல்லையா, தோழர்களே? திரை தைப்பவனுக்கும், விளக்குப் பிடிப்பவனுக்கும் அடுப்பெரிய வேண்டாவா?

அந்த நாடகங்களை மக்களிடம் கொண்டு சேர்த்தவை சுவரொட்டிகள். முதலில் கையால் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். பின்னர் அந்தோணி வெலோனிஸ் என்னும் ஓவியர் பட்டுத்திரை அச்சைப் புகுத்தினார். சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, மை படக்கூடாத இடத்தை அடைத்து, வண்ணத்தை மேலே தள்ளினால் படம் பதியும். வண்ணத்துக்கு ஒரு திரை. பொதுப்பணித் திட்டம் முழுமைக்குமாக ஏறத்தாழ 35,000 வடிவங்களில் 20 இலட்சம் படிகள் அச்சாயின. இன்று எஞ்சியவை ஏறக்குறைய 2,000 மட்டுமே!

அவை அறிவித்த நாடகங்கள் எத்தகையவை? 1936-இல் ஹார்லெமில் கறுப்பின நடிகர்களே 'மாக்பெத்' நடித்தனர். 1938-இல் சேரிவாழ் மக்களின் குடியிருப்புக் கொடுமை மேடையேறியது. ஏழை ஏன் ஏழையானான் என்று நாடகம் கேட்டது. கேட்டதும் ஆள்வோர் சிலருக்கு வியர்த்தது! அவ்வாண்டு விசாரணைக் குழு அம்மையாரை அழைத்தது. நாடகாசிரியர் மார்லோவை அவர் குறிப்பிட்டதும், "அவர் கம்யூனிஸ்டா?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர். மார்லோ இறந்ததோ 1593-இல்! 1939 ஜூன் 30-ஆம் நாள் திட்டத்துக்கு மூடுவிழா நடந்தது.

அதே காலத்தில் நம் மதுரைச் சீமையில் என்ன நடந்தது? மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் முழங்க, நாடக நோட்டீசு வீசினார்கள். வெள்ளை அரசு அந்த நடிகனுக்குக் கூலி தரவில்லை, விலங்கு தந்தது! 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அதன் கையில் இருந்தது. மேடையில் விடுதலைப் பாட்டிசைத்தார் என்பதற்காகத் திருமங்கலம் விசுவநாததாஸ் மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் நீத்தார்.

விடுதலைக்குப் பின்னாவது விலங்கு ஒழிந்ததா? 1954-இல் சென்னை மாநிலமே ஒரு நாடகச் சட்டம் செய்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 ஆயிற்று!

ஆகவே தோழர்களே, நாம் உணரவேண்டியது ஒன்று. கலைக்கு அரசு தரும் பணம் அரசனின் பரிசன்று. மக்கள் செலுத்திய வரி. அதை வாங்கிய கலைஞன் வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்கத்தக்கதன்று. கொடுப்பதும் கடமை, குறுக்கிடாதிருப்பதும் கடமை!

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பாட்டனாரின் தகரப்பெட்டியில், பழைய நாடக நோட்டீசு ஒன்று மடிந்து கிடக்கலாம். அடுப்புக்கு இரையாக்காதீர்கள். இனி நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு சுவரொட்டியிலும் ஒரு படியை எடுத்து வையுங்கள். நாளைய வரலாறு அதைத் தேடி உங்கள் வாயிற்படிக்கு வரும்.