அந்த அமைதி யாருடையது?

தோழர்களே, பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1738இல் வரைந்த படம் ஒன்று. சமையல்காரப் பெண் டர்னிப் கிழங்குக்குத் தோல் சீவுகிறாள். கத்தி பிடித்த கை ஓய்ந்திருக்கிறது, பார்வை எங்கோ. 'அமைதியான இல்லக் காட்சி' என்பார்கள். எனக்கு அது களைப்பாகத்தான் தெரிகிறது. யாருடைய இல்லம் அது? அவள் அங்கே கூலிக்கு இருப்பவள்.

பாரிஸ் கலைக்கழகம் புராண, வரலாற்று ஓவியங்களை உச்சியில் வைத்தது; பழமும் பாத்திரமும் வரைவோருக்கு அடித்தட்டு. தச்சர் மகனான ஷார்தானை 1728இல் அந்தத் தட்டில்தான் சேர்த்துக்கொண்டது. படிநிலை என்றால் என்னவென்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1740இல் அவருடைய வேறு இரண்டு படங்கள் பதினைந்தாம் லூயி மன்னனிடம் போய்ச் சேர்ந்தன. கிழங்கு சீவுகிறவளின் பெயரோ படத்தின் தலைப்பில்கூட இல்லை. ஆனாலும் ஷார்தான் அந்தச் சமையலறைக்குள் எஜமானியை விடவில்லை.