பேச்சா, குளிசையா?



காய்ச்சல் வந்தா டிஸ்பென்சரிக்குப் போறோம். மனசு சோர்ந்தா மட்டும் "தலையெழுத்து" என்று விட்டுவிடுகிறோம். பெரட்டுக்குப் போகிறோம், கொழுந்து எடுக்கிறோம், பேரும் விழுகிறது. ஆனால் சோற்றில் ருசியில்லை, சரியான தூக்கமில்லை. "வேலைக்குப் போறவளுக்கு என்ன வருத்தம்?" என்று லயத்தில் கேட்பார்கள். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தால் அது நாட்பட்ட மனச்சோர்வு. வருத்தம்தான்.

இதற்குக் குளிசை நல்லதா, பேச்சு நல்லதா? இரண்டிலும் குணமுண்டு. புளுஒக்செட்டின் போன்ற குளிசைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். நாலு நாளில் ஒன்றும் தெரியல்ல என்று வீசக்கூடாது. சுகமானதும் நாமாக நிறுத்தவும் கூடாது. தலை சுற்றும், சோர்வும் திரும்பலாம். சாராயம் மாதிரி அடிமையாக்காது.

பேச்சு சிகிச்சை வெறும் ஆறுதல் இல்லை. "எல்லாம் என் பிழை" என்ற நினைப்பைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு இருந்து பிரித்துப் பார்ப்பது. பழகியது பிறகும் கூட வரும். ஆனால் பல வாரம் போகவேண்டும். போற நாளுக்குப் பேர் இல்லை, அந்தக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். தமிழில் கேட்கிறவர் கிடைப்பதும் லேசில்லை.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 681 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அவர்களுக்கு இருந்தது இதைவிடக் கடுமையான நாட்பட்ட சோர்வு. ஒன்றை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தேறினார்கள். இரண்டும் எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேரளவில்.

ஆகவே கிடைப்பதில் தொடங்குவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. சாகணும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, இல்லாட்டி 1926க்கு எடுங்க.