மன்னிப்பும் ஆறுதலும்: ஒரு வைத்தியரின் சில நினைவுகள்

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டை அடுத்து நடந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரிதாக மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் அக்கா என்னைப் பேச அழைத்தபோது, "நீ டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றிச் சொல்லு" என்றா. நீரிழிவைப் பற்றி இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு என்னைவிட அனுபவம் கூட. ஆகவே வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். சற்றுமுன் வழிபாட்டில் காலமான பழைய மாணவிகளின் பெயர்களை வாசித்தோம். அந்தப் பெயர்களுக்குரிய அம்மாமார், மகள்மார், கணவன்மார் சிலர் இங்கே இருக்கிறீர்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விட வேண்டும், "மன்னித்துவிடு" என்ற வார்த்தையை யார் யாருக்குச் சொல்லலாம் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதில் நான் தேர்ச்சி பெற்றவள் அல்ல. பிழைவிட்டுப் படித்தவள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை ஆராதனை முடியும் முன்னரே தேவாலயத்தில் ஒவ்வொருவருடைய போனும் அதிரத் தொடங்கியது. முதலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் என்றார்கள். பிறகு நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய, பிறகு கொழும்பு ஹோட்டல்கள், பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். மத்தியானத்துக்குப் பின் எங்கள் பக்கத்திலேயே, தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கிட்ட ஒரு சிறிய விடுதியில் வெடித்தது. அன்றைய தினம் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பண்டிகைச் சாறியோடேயே நான் வைத்தியசாலைக்குப் போனேன். மேலே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டதுதான் நினைவிருக்கிறது. கோட்டைக் கழற்றியது நினைவில்லை.

காயங்களைப் பற்றி நான் இங்கே சொல்லப்போவதில்லை. பின்னேரம் எனக்குக் கிடைத்த வேலை, உறவினர்களோடு பேசுவது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தாய் நடைபாதையில் நிலத்தில் இருந்தார். மகளைத் தேடி அது அவர் வந்த மூன்றாவது வைத்தியசாலை. எனக்குத் தமிழ் தெரியும், நான் கிறிஸ்தவள், களைத்தும் போயிருந்தேன். அவர் பக்கத்தில் குனிந்து, நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த வார்த்தைகளைச் சொன்னேன். ஆண்டவர் ஆறுதல் தருவார், இதைச் செய்தவர்களை மன்னிக்கவும் பலம் தருவார் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்கிறத பிறகு பாப்போம் டொக்டர். என் புள்ள எங்க இருக்குனு முதல்ல சொல்லுங்க" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், பிரேத அறையில், ஒரு காப்பை வைத்து அந்தப் பிள்ளையை அடையாளம் கண்டார்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது அவருக்காகச் சொன்னதுமல்ல. அந்த நடைபாதையில் நிற்க முடியாமல் தவித்த எனக்காக நான் சொல்லிக்கொண்டது. துக்க வீடுகளில் நாங்கள் சொல்லும் வார்த்தைகளில் அரைவாசி இப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். "எல்லாம் நன்மைக்கே", "அவர் நல்ல இடத்துக்குப் போய்விட்டார்", "உனக்கு மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே" என்பவை எல்லாம் நாங்கள் கெதியாக வாசலுக்குப் போவதற்காகச் சொல்பவை.

வேதாகமத்தில் யோபுவின் சிநேகிதர்களை நாம் எப்போதும் திட்டுவோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வந்தவுடன் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துக்கம் பெரிது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. லாசருவின் கல்லறைக்குப் போன இயேசுவும், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே முதலில் அழுதார். அழாமல் நேரே அற்புதத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

வைத்தியர்களுக்கு இதைப் படிப்பிக்கிறார்கள், கொஞ்சம் பிந்தித்தான். மரணச் செய்தியைச் சொல்லும்போது நின்றுகொண்டு சொல்லக்கூடாது, உட்கார வேண்டும். போனை நிறுத்திவைக்க வேண்டும். "இறந்துவிட்டார்" என்ற வார்த்தையை நேராகச் சொல்ல வேண்டும். "போய்விட்டார்" என்றால் எந்த வாட்டுக்கு என்று கேட்பவர்கள் உண்டு. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசிதான் கஷ்டம். சின்னப் பிள்ளைகளிடம் "அப்பா நித்திரை கொள்கிறார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிறகு அந்தப் பிள்ளை நித்திரைக்குப் போகவே பயப்படும். நான் அப்படிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

துக்கம் உடம்பிலும் இருக்கிறது. பெரிய அதிர்ச்சிக்குப் பின் சிலருக்கு மாரடைப்புப் போலவே நெஞ்சு வலி வரும். இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்காது, இதயத்தின் ஒரு பக்கம் பலூன் போல ஊதி நிற்கும். ஜப்பானிய வைத்தியர்கள் இதை முதலில் விவரித்து, அங்கே கணவாய் இனத்தைப் பிடிக்கும் பானையின் பெயரால் டகொட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்குத்தான் கூட வரும். ஆகவே துக்க வீட்டில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால், "மனக்கவலை" என்று விட்டுவிடாமல் ஈ.சி.ஜி. எடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் சில கிழமைகளில் இதயம் தேறிவிடும். நீரிழிவு பேசாவிட்டாலும் வைத்தியம் கொஞ்சம் பேசியாயிற்று, அக்கா.

இனி மன்னிப்பு.

சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியில் நின்ற பிள்ளைகள் பலர். அந்தச் சபையின் போதகர், குண்டு வைத்தவனையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். உலகம் முழுவதும் அதைப் பேசினார்கள். நான் அதில் கவனித்தது வேறு. எங்களுக்கு வலிக்கிறது, கோபமும் இருக்கிறது என்பதையும் அவர் அதே மூச்சில் சொன்னார். மற்றவர்கள் அந்த அரைவாசியை விட்டுவிட்டுத்தான் அதை எடுத்துச் சொன்னார்கள்.

கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகையும் 2020 உயிர்த்த ஞாயிறுத் திருப்பலியில், எங்களைத் தாக்கிய பகைவர்களை நாங்கள் மன்னித்தோம் என்றார். அதே ஆண்டகைதான் அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் கறுப்பு ஞாயிறு அனுட்டிக்கச் சொல்லி, உண்மை எங்கே, நீதி எங்கே என்று கேட்டார். இது முரண் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. குத்தியவனை வெறுக்காமல் இருப்பது ஒன்று. கத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பது முற்றிலும் இன்னொன்று. எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அந்தத் தீர்ப்பினால் ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை. ஆனாலும் கொட்டாஞ்சேனை அம்மா அன்று இரவு எனக்குப் போன் எடுத்து, "அப்ப பிழை நடந்துச்சினு ஒத்துக்கிட்டாங்கதானே" என்று இரண்டு முறை கேட்டார்.

சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் ரிஸ்பாள் என்றொரு தாய் வருகிறாள். கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களுக்குப் பக்கத்தில், பாறையில் இரட்டை விரித்து, அறுவடைக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை காவலிருந்தாள். பகலில் பறவைகளை விரட்டினாள், இரவில் மிருகங்களை விரட்டினாள். கடைசியில் அரசன் வந்து எலும்புகளைச் சேர்த்து அடக்கம் பண்ணவேண்டி வந்தது. அவளிடம் போய் "மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போ" என்று யாரும் சொன்னதாக வேதாகமத்தில் இல்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் பிள்ளைகளின் படங்களோடு இருந்த தாய்மாரை நினைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். 1983 ஜூலையில் எனக்கு மூன்று வயது. வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தது. ஒரு சிங்கள அயலவர் எங்களைத் தன் வீட்டுக்குள் மறைத்து வைத்தார். இன்னொரு அயலவர்தான் எங்கள் வீட்டைக் கைகாட்டியவர். இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில். பிறகு இரத்மலானை விமான நிலைய முகாம். அதன்பின் 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறை. சில வருடங்களில் அப்பா திரும்பவும் எங்களைக் கொழும்புக்குக் கூட்டிவந்தார். அப்படித்தான் நான் இந்தப் பாடசாலைக்கு வந்தேன். 2004 ஜூலையில் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா அந்த 83க்காக நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அப்பா செய்தியை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு டிவியை நிறுத்தி, துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்று வெகு நேரம் குளித்தார்.

கைகாட்டிய அந்த அயலவர் பின்னொரு நாள் இறந்தார். அம்மா செத்த வீட்டுக்குப் போனா. அப்பா ஒழுங்கை முகப்பு வரைதான் வந்தார், வெள்ளைக் கொடி கட்டிய இடத்தில் நின்றுவிட்டார். அம்மா உள்ளே போய் அந்த மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தா. "அவரை மன்னிச்சிட்டியளா அம்மா?" என்று நான் கேட்டேன். "எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை. செத்த வீடு, போனனான்" என்றா. இதற்குமேல் அதைப் பற்றி அவ பேசவில்லை. வெகு காலம் இதை ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சிலுவையில் இயேசு எப்படி ஜெபித்தார் என்று பாருங்கள். அந்த வேதனையில் "நான் மன்னிக்கிறேன்" என்று அவர் சொல்லவில்லை. பிதாவே, நீர் இவர்களுக்கு மன்னியும் என்று கேட்டார். எனக்கு இது பெரிய ஆறுதல். தன்னால் இன்னும் முடியாததைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, துக்கப்படுகிறவர் மூச்சுவிடலாம். போதகர்மார் என் விளக்கத்தைத் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் மன்னிப்பு பனடோல் அல்ல, இரண்டு இரண்டாக நாளுக்கு மூன்று முறை என்று எழுதிக் கொடுக்க.

கொட்டாஞ்சேனை அம்மாவிடம் நான் பிறகு போனேன். என் வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. மகளின் மரணச் சான்றிதழில் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது, அதைத் திருத்த என்னால் உதவ முடியுமா என்று கேட்டார். அந்த அலுவலுக்கு ஐந்து தடவை அலைந்தோம். பஸ்ஸில் போகும்போது மகளைப் பற்றிச் சொல்லுவார். அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, கணக்குப் பாடம் பிடிக்காது, செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்ற மறக்கமாட்டாள். நான் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கேள்வி கேட்பேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் அவர் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லப் பயந்தார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஞாயிறு இரவு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். முஸ்லிம் பிள்ளை. எட்டாம் தரத்திலிருந்து என் பக்கத்து மேசை. அழுதுகொண்டு, "எங்கள மன்னிச்சிருங்க" என்றாள். அவள் கேட்க ஒன்றுமேயில்லை. "நீ ஏனடி மன்னிப்புக் கேட்கிறாய்" என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. இரண்டு மூன்று விநாடி பேசாமல் இருந்தேன். அன்று முழுக்க நான் பார்த்தவற்றை அந்த விநாடிகளில் அவள் மேல் வைத்தேன். அடுத்த மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது, எங்கள் ஒழுங்கையில் கைகாட்டிய மனிதர் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தார்.

இந்த உரையைத் தயார் பண்ணும்போது போன கிழமை அவளிடம் இதைச் சொன்னேன். "எனக்கு அப்பவே வெளங்கிச்சு" என்றாள். இவ்வளவு வருடமும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்த வருடம் நோன்பு மே மாதத்தில் வந்தது. வழமைபோல அவள் வீட்டிலிருந்து எங்களுக்கு நோன்புக் கஞ்சி வந்தது. அதே மூடி போட்ட அலுமினியப் பாத்திரம்.

"அப்ப ஏன் கஞ்சி அனுப்பினாய்?" என்று கேட்டேன்.

"ஒங்கட அம்மாக்கு விருப்பம்தானே" என்றாள்.