குளிர் காலையில் என்ஜினை இயக்குதல்

(நுவரெலியாப் பகுதிக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



டிசம்பர் பிற்பகுதி முதல் பெப்ரவரி முடியும் வரை, மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில் நுவரெலியா, அம்பேவெல, பட்டிப்பொல, கந்தப்பளை ஆகிய இடங்களில் உறைபனி விழுவதை நீங்கள் நன்கறிவீர்கள். உப்புத் தூவியது போல இலைமேல் பனி படிகின்றது. அதன்மேல் வெயில் பட்டதும் உருளைக்கிழங்குச் செடி கருகிச் சாய்கின்றது. தேயிலைக் கொழுந்தும் அவ்வாறே கருகுகின்றது. இதைத் தடுக்கப் பொழுது புலருமுன் பயிருக்கு நீர் தெளித்தல் இப்பகுதியில் வழக்கமாகும். அதற்கு விடியுமுன்னே நீரிறைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்க வேண்டும். ஆனால் அந்த நேரமே என்ஜின் மிகவும் குளிர்ந்து அடம்பிடிக்கும் நேரமுமாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர் உறையும்போது அதிலுள்ள வெப்பம் வெளிப்பட்டு இலையைக் காக்கின்றது. ஆகவே தெளிக்கத் தொடங்கியபின், வெயில் ஏறி இலைமேலுள்ள பனி முழுவதும் கரையும் வரை நிறுத்தாது தெளித்தல் வேண்டும். இடையில் நிறுத்தினால் ஈர இலையிலிருந்து நீர் ஆவியாகி, இலை முன்னிலும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். அரைகுறையாகத் தெளித்த பாத்தி, தெளிக்காது விட்ட பாத்தியிலும் கூடுதலாகக் கருகக்கூடும். எனவே என்ஜின் காலத்தில் இயங்க வேண்டும். இயங்கியபின் நிற்காது ஓடவும் வேண்டும். மூன்று மாதம் பாடுபட்ட கிழங்குப் பயிர் ஒரு காலையில் பிழைப்பதும் அழிவதும் இதனைப் பொறுத்தது.

குளிர் என்ஜினை எவ்வாறு தடுக்கின்றது?

டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்று இறுக அழுத்தப்படும்போது பிறக்கும் வெப்பத்தினாலேயே டீசல் பற்றுகின்றது. இரும்பு குளிர்ந்திருந்தால் அந்த வெப்பத்தைச் சிலிண்டர்ச் சுவர் உறிஞ்சிவிடும். இரண்டாவதாக, குளிரில் என்ஜின் ஒயில் தடித்துவிடும். சுழற்றும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும். மூன்றாவதாக, பற்றறியின் வலிமை குன்றும். 25 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் ஒரு பற்றறி தரும் மின்சாரத்தில், சுழிப் பாகைக் குளிரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே கிடைக்கும்.

இவற்றோடு நம் மலைநாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் மேலே உள்ளது. இங்குக் காற்றின் அழுத்தம் கொழும்பிலும் பார்க்க ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவு. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனில் இக்குறை சற்றுச் சிறிது. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பள்ளத்தாக்குகளில் நெல்வயல் உழுத இருசக்கர உழவு இயந்திரம், அங்கே ஒரே சுற்றில் இயங்கியிருக்க, வாடகைக்கு மேலே கொண்டுவந்ததும் காலையில் மறுப்பதன் காரணம் இதுவே.

சூடேற்றி என்பது யாது?

குளிர் நாடுகளில் இத்தொல்லைக்கு மின்சாரச் சூடேற்றி ஒன்றை என்ஜினில் பொருத்துவர். அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அன்ட்ரூ ஃபிரீமன் என்பவர் இத்தகைய சூடேற்றி ஒன்றுக்கு 1949 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அங்கும் கனடாவிலும் குளிர் சுழிக்குக் கீழ் 20, 30 பாகைக்கு இறங்கும். நம் அயலிலும் அத்தகைய இடம் உண்டு. இந்தியாவின் லடாக்கில் டீசலே உறைந்துவிடுவதால், சுழிக்குக் கீழ் 33 பாகை வரை இறுகாத தனி டீசலை 2019 ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் ஒயில் நிறுவனம் விற்பனைக்கு விட்டது.

நுவரெலியாவின் கடுங்குளிர் சுழிப் பாகையை ஒட்டியது. அதுவும் சில மணி நேரமே நிலைப்பது. ஆகவே தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் ஒற்றைச் சிலிண்டர் உழவு இயந்திரத்துக்கும் மின்சாரச் சூடேற்றி வாங்கப் பணம் செலவிட வேண்டியதில்லை. பின்வரும் ஐந்து காரியங்களைச் செய்தாலே போதுமானது.

முதலாவது, ஒயில். தாழ்நாட்டுக்கு ஏற்ற 40 ஆம் இலக்கத் தனித்தர ஒயில் இங்கு அதிகாலையிற் பாகு போலாகிவிடும். 15டபிள்யூ-40 என்று குறிக்கப்பட்ட பலதர ஒயிலை, இயந்திரக் கைந்நூல் இடந்தருமாயின், பயன்படுத்துக. டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் சிறிதாயின் அந்த ஒயில் குளிரில் இலகுவாக ஓடும் என்பது பொருள்.

இரண்டாவது, பற்றறி. ஓய்வில் உள்ளபோது 12 வோல்ற்று பற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்ட வேண்டும். முனைகளிற் பூத்துள்ள வெண்பொடியைச் சுடுநீரால் நீக்கி, உலர்த்தி, இறுக்கிக் கட்டி, மெல்லிதாகக் கிறீஸ் பூசுக. பற்றறியைக் கழற்றி இரவில் வீட்டினுள் வைத்திருந்து காலையிற் கொண்டுவருதல் செலவில்லாத நல்ல முறை.

மூன்றாவது, எரிபொருள். இங்கே டீசல் உறைவதிலும் பார்க்க அதிற் கலக்கும் நீரே பெரிய பகை. தாங்கி அரைவாசியாக இருந்தால், இரவுக் குளிரில் உள்ளிருக்கும் ஈரக்காற்று நீராக வடிந்து அடியிற் சேரும். ஆகவே மாலையிலேயே தாங்கியை நிரப்புக. வடிகட்டிக் கிண்ணத்தின் அடியிலுள்ள நீரைக் கிழமைக்கொருமுறை திறந்து விடுக. டீசலுடன் மண்ணெண்ணெய் கலத்தல் வேண்டா. அது எரிபொருட் பம்பின் வழுவழுப்பைக் கெடுக்கும்.

நான்காவது, வெந்நீர். நீர்த்தொட்டி பொருத்திய ஒற்றைச் சிலிண்டர் என்ஜினுக்கு இதுவே நம் சூடேற்றி. உறைபனி எதிர்பார்க்கும் மாலையில், என்ஜின் ஆறியபின் தொட்டி நீரை வடித்துவிடுக. நீர் இல்லை என்பதை மறவாதிருக்க, சுழற்றும் கைபிடியில் ஒரு துணியைக் கட்டி வைக்குக. காலையிற் கொதிநீர் 2 பங்கும் குளிர்நீர் 1 பங்கும் கலந்தால் ஏறத்தாழ 60 பாகை வெப்பமான நீர் கிடைக்கும். அதனை மெதுவாக ஊற்றி 10 நிமிடம் பொறுத்திருந்து, பின் இயக்குக. கொதிக்கும் நீரைக் குளிர்ந்த இரும்பில் ஒரேயடியாக ஊற்றினால் வார்ப்பு வெடிக்கும். மூடிய றேடியேற்றரும் குளிர்த்தித் திரவமும் உள்ள என்ஜினில் இவ்வாறு செய்தலாகாது.

ஐந்தாவது, சுழற்றும் முறை. கையாற் சுழற்றும் டீசல் என்ஜினில் எரிபொருளை மூடி, அழுத்த நீக்கி நெம்பைத் தூக்கிப் பிடித்து, 15 அல்லது 20 சுற்று மெதுவாகச் சுழற்றுக. தடித்த ஒயில் எங்கும் பரவும். பின்பு எரிபொருளைத் திறந்து, வேகமாகச் சுழற்றி, வேகம் ஏறியதும் நெம்பை விடுக. பெருவிரல் மற்றை விரல்களோடு ஒரே பக்கமாக இருத்தல் வேண்டும். கைபிடி திருப்பி அடித்தால் கை முறியாது தப்பும். மண்ணெண்ணெயில் ஓடும் பம்பைப் பெற்றோலிலேயே தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. முதல்நாள் நிறுத்தும்போதும் கடைசியிற் பெற்றோலில் ஓட்டி நிறுத்தினால், காலையிற் காபுறேற்றரில் மண்ணெண்ணெய் தங்கியிராது.

சூடேற்றி எவருக்கு வேண்டும்?

விடியுமுன் மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறி, நான்கு சக்கர உழவு இயந்திரம், தேயிலைத் தொழிற்சாலையின் மின்பிறப்பாக்கி ஆகியன மின்சார வசதியுள்ள கொட்டிலில் நிறுத்தப்படுமாயின், சூடேற்றி அவற்றுக்கு உதவும். அதற்கு முன், அந்த என்ஜினிலுள்ள ஹீற்றர் பிளக்குகள் யாவும் வேலை செய்கின்றனவா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துக்கொள்க. பெரும்பாலும் குறை அங்கேயே இருக்கும்.

சூடேற்றிகளில் மூவகை உண்டு. ஒன்று, வார்ப்பிலுள்ள அடைப்புத் தகட்டைக் கழற்றி, அந்தத் துளையிற் பொருத்துவது. இது குளிர்த்தி நீரினுள் நின்று சூடேற்றும். இரண்டாவது, றேடியேற்றரின் கீழ்க்குழாயை வெட்டி இடையிற் பொருத்துவது. மூன்றாவது, ஒயில்தொட்டியின் அடியில் ஒட்டும் தட்டையான சூடேற்றி. காற்றினாற் குளிரும் என்ஜினில் நீர் இல்லாமையால் அதற்கு மூன்றாவது வகையே பொருந்தும்.

வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது வோல்ற்று ஆகும். நமது மின்சாரம் 230 வோல்ற்று. வட அமெரிக்காவிலிருந்து வரும் சூடேற்றிகள் பெரும்பாலும் 120 வோல்ற்றுக்கு உரியன. அத்தகைய ஒன்றை இங்கே இணைத்தால், மூன்று மடங்குக்கும் மேலான மின்வலு பாய்ந்து அது எரிந்துபோகும், கொட்டிலும் தீப்பற்றக்கூடும். அடுத்து, என்ஜினின் பெயரும் இலக்கமும் கூறி, அதற்கே உரிய அளவை வாங்குக. அடைப்புத் துளையின் அளவு ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் நீர் கசியும். சிறு லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் 500 முதல் 1,000 வாற்று வரை போதுமானது.

பொருத்தும் முறை பின்வருமாறு. என்ஜின் முற்றாக ஆறிய பின் குளிர்த்தி நீரை வடித்து, அடைப்பைக் கழற்றி, துளையின் விளிம்பைத் துருவின்றித் துடைக்க வேண்டும். சூடேறும் கம்பி வார்ப்பின் எப்பக்கத்திலும் முட்டாதவாறு நிறுத்தி இறுக்க வேண்டும். மீண்டும் குளிர்த்தி நீர் நிரப்பி, என்ஜினை ஓட்டி, உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றி, கசிவில்லை என்று கண்ட பின்னரே மின்சாரத்தை இணைக்கலாம். நீரில்லாத என்ஜினிற் சூடேற்றியை ஒரு நிமிடமேனும் இயக்குதல் கூடாது. மின்கம்பி, புகைக்குழாயிலிருந்தும் விசிறிப் பட்டியிலிருந்தும் விலகியிருக்கக் கட்டப்படல் வேண்டும்.

செருகி மூன்று கால் உள்ளதாகவும், நிலத்தொடர்பு உள்ளதாகவும் இருத்தல் இன்றியமையாதது. கொட்டிலின் மின்னிணைப்பில் மின்கசிவு கண்டதும் தானே துண்டிக்கும் ஆளி இருக்க வேண்டும். ஈர நிலத்தில் நின்று, வெறுங்காலோடு, தோலுரிந்த கம்பியைத் தொட்டவருக்கு இரண்டாம் முறை சொல்லவேண்டி வராது. லயன் அறையின் விளக்குக் கம்பியிலிருந்து நீண்ட வயர் இழுத்துச் சூடேற்றியை இணைத்தலும் கூடாது.

இரவு முழுவதும் அதனை இயக்குதல் வீண். நமது குளிருக்கு 2 மணி நேரம் போதும். 600 வாற்றுச் சூடேற்றி 2 மணி நேரத்திற் செலவிடுவது 1.2 அலகு மின்சாரமே. நேரம் குறித்து இயங்கும் ஆளி ஒன்றைச் சேர்த்தால், நடுநிசியில் எழுந்து போக வேண்டியதில்லை.

செய்யத்தகாதவை

ஒயில்தொட்டியின் கீழ் விறகோ சாக்கோ கொளுத்திச் சூடேற்றுதல் கூடாது. கசிந்த எண்ணெய் ஒரு துளி போதும், இயந்திரமும் கொட்டிலும் எரிவதற்கு. ஹீற்றர் பிளக் உள்ள என்ஜினுள் ஈதர் தெளிப்பானை அடித்தல் கூடாது. அது காலத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்ரனை உடைக்கும். குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிய அறையில் என்ஜினை ஓட்டுதல் கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. உறங்குவது போலவே உயிரைப் பறிக்கும். ஸ்ராற்றரை ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் அழுத்தாது, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலுக.

மாலை வேலை

வானம் தெளிந்து, காற்று ஓய்ந்து, மாலையிலேயே குளிர் கூடினால் அன்றிரவு உறைபனியை எதிர்பார்க்கலாம். அன்று இருட்டுமுன் தாங்கியை நிரப்புக. ஒயில் அளவைப் பார்க்குக. பற்றறியை வீட்டினுள் எடுக்குக. என்ஜினைச் சாக்கினால் மூடுக. பம்பின் அடிவால்வு நீரைத் தாங்குகின்றதா என்று சோதித்து, பம்பை நிரப்புவதற்கு ஒரு வாளி நீரை வீட்டினுள் வைக்குக. தெளிப்புக் குழாய்களில் நீர் தங்கி உறையாதிருக்க, அவற்றைச் சரிவாகக் கிடத்தி வடியவிடுக. வெயில் ஏறிப் பனி கரையுமட்டும் தெளிக்க எரிபொருள் போதுமா என்று கணக்கிட்டு, மேலதிகமாக ஒரு கலன் வைத்திருக்குக. பக்கத்துப் பாத்திக்காரரோடு பேசி வைத்தல் இன்னும் நன்று. ஒருவர் என்ஜின் மறுத்தால் மற்றவர் குழாயை இரு பாத்திக்கும் திருப்பலாம்.

இவ்வேலைகள் யாவும் ஒரு மணி நேரத்தில் முடிவன. இவற்றுக்கு ஆகும் செலவும் சொற்பம். உங்கள் இயந்திரத்துக்கு எந்த ஒயில் பொருந்தும், சூடேற்றி தேவையா என்ற ஐயமிருப்பின், இயந்திரக் கைந்நூலைக் கையோடு எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.